தாழ்த்திய பிக்கப் வண்டியில் அலைன்மென்ட் நிற்கவில்லை: எங்கிருந்து சரிசெய்வது?

நெடும்பயணி

அனைவருக்கும் வணக்கம். என் பிக்கப் டிரக்கை நான்கு மாதங்களுக்கு முன் தாழ்த்தினேன். ஏணிச் சட்டம் கொண்ட, பின்சக்கரம் இழுக்கும் வண்டி அது. முன்பக்கம் மேலும் கீழும் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), நடுவில் காயில் ஸ்பிரிங். பின்பக்கம் ஹவுசிங்குக்கு (பின் அச்சின் கூட்டுக்கு) அடியில் கட்டிய பட்டை ஸ்பிரிங். முன்னால் குட்டை ஸ்பிரிங் போட்டு 60 மி.மீ., பின்னால் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் பிளாக் வைத்து 75 மி.மீ. இறக்கினார்கள். வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணத் திருத்தம்) செய்தேன். 3000 கி.மீ. ஓடுவதற்குள் முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும் நிலைக்கு வந்துவிட்டது. டயரை மாற்றி மறுபடியும் அலைன்மென்ட் செய்தேன். ஒரே மாதத்தில் அதே தேய்மானம் தொடங்கிவிட்டது.

இதைத் தவிர மூன்று தொல்லைகள் உள்ளன. 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் தரைத்தட்டு முழுவதும் ஓர் அதிர்வு எழுகிறது; ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அதன் தன்மை மாறுகிறது. சிறிய மேட்டில் ஏறினாலும் முன்பக்கம் இரும்போடு இரும்பு மோதுவது போல் இடிக்கிறது. காலி வண்டியில், ஈரச் சாலையில், மிதமாகப் பிரேக் பிடித்தாலே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) திருத்தும் போல்ட் தன் எல்லைக்கே வந்துவிட்டது என்றும், இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றும் பட்டறையில் சொல்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சாணி

நண்பரே, மற்றவர்கள் டயரைப் பற்றிச் சொல்லட்டும். நான் பிரேக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் மிகவும் ஆபத்தானது. ஹவுசிங்குக்கு மேலே, சட்டத்தில் ஒரு வால்வு பொருத்தப்பட்டு, அதிலிருந்து ஒரு கம்பியோ சிறிய ஸ்பிரிங்கோ ஹவுசிங்குக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அந்த வால்வுதான் தீர்மானிக்கிறது. பாரம் ஏற்றினால் சட்டம் ஹவுசிங்கை நெருங்கும். அந்த நெருக்கத்தைக் கம்பி வழியாக உணர்ந்து, பின்னால் எடை இருக்கிறது என்று கொண்டு, வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். நீங்கள் 75 மி.மீ. பிளாக் வைத்ததும் காலி வண்டியிலேயே அந்த நெருக்கம் வந்துவிட்டது. வால்வைப் பொறுத்தவரை உங்கள் வண்டி எப்போதும் முழுப் பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எடையே இல்லாத பின்சக்கரங்களுக்குப் பாரவண்டியின் பிரேக் அழுத்தம் போகிறது. அவை பூட்டிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்?

பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். அதை ஸ்டீயரிங்கால் அடக்க இயலாது. இதைச் சரிசெய்யும் வரை ஈரச் சாலையில் ஓட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய உயரத்தில் வால்வின் நெம்புகோல் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணம் தாழ்த்திய உயரத்திலும் கிடைக்கும்படி, கம்பியின் ஹவுசிங் பக்கத்துப் பிராக்கெட்டை இடம் மாற்ற வேண்டும். பழைய நிலை தெரியாவிட்டால், வண்டியின் சர்வீஸ் கையேட்டில் அந்த ஸ்பிரிங்கின் நீளமோ கம்பியின் அளவோ கொடுக்கப்பட்டிருக்கும். முடிந்தால் முன் பின் பிரேக் குழாய்களில் அழுத்தமானி பொருத்திக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. கம்பியைக் கண்ணளவில் வளைத்து விடுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள்.

மட்டக்கோல்

அச்சாணி சொன்னதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். பிறகு அலைன்மென்ட் இயந்திரத்தை மறந்துவிட்டு, அளவு நாடாவை எடுங்கள்.

தாழ்த்திய வண்டிகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை ஒன்றுதான்: உயரம் நிலைபெறுவதற்கு முன் கோணத்தைத் திருத்துகிறார்கள். கேம்பர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) ஆகிய மூன்றும் சக்கரம் சட்டத்தைப் பொறுத்து எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சார்ந்தவை. அந்த உயரம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால், இன்று இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண் நாளைய வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே டயர் காற்றைச் சரியாக வைத்து, வழக்கமாக எவ்வளவு எரிபொருளும் சாமானும் இருக்குமோ அவற்றோடு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும் என்பது இயல்பே. ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

நான் ஐயப்படுவது கன்ட்ரோல் ஆர்மைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் மூட்டுகளான புஷ்களை. இரும்புக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ் சுழலுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதன் நடுக்குழல் போல்ட்டால் இறுக்கப்பட்ட கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அந்தக் கோணமே ரப்பருக்கு ஓய்வு நிலை. பட்டறையில் வண்டி லிஃப்டில் தொங்கும்போது, சக்கரம் கீழே விழுந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கியிருந்தால், வண்டி தரையில் இறங்கியதும் நான்கு புஷ்களும் முறுக்கேறி, சிறு ஸ்பிரிங்குகளைப் போல் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். அன்று எடுத்த உயரமும் பொய், அன்று வைத்த டோவும் பொய். பின்னர் ரப்பர் தளர்ந்து கிழியக் கிழிய வண்டி மெல்ல இறங்கும். கேம்பர் மேலும் மைனஸ் பக்கம் போகும், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். டோ தன் இடத்தை விட்டு நகரும். நீங்கள் சொல்லும் "ஒரு மாதத்தில் மறுபடியும்" என்பது இதோடு மிகவும் பொருந்துகிறது.

சரிசெய்வது எளிது. சக்கரங்கள் தரையில் அல்லது சாய்தளத்தில் முழு எடையோடு நிற்க, மேல் கீழ் ஆர்ம்களின் உட்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். அது தானாக அமர்ந்த பிறகு, அந்த உயரத்திலேயே கையேட்டின் முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். ஆன்டி ரோல் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின்) இணைப்புகளையும் இதே போல் தளர்த்தி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பார் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

முன்பக்க இடிப்புக்கு பம்ப் ஸ்டாப்பைப் பாருங்கள். 60 மி.மீ. இறங்கிய பிறகு ஆர்முக்கும் அந்த ரப்பர் கட்டைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சியது? ஷாக் அப்சார்பரின் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக எடுத்த அலைன்மென்ட் தாளின் எண்களையும் இங்கே இடுங்கள்.

நெடும்பயணி

அச்சாணி, மட்டக்கோல் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வால்வு இருக்கிறது; அதன் கம்பி ஏறக்குறைய மேல் எல்லை வரை தள்ளப்பட்டிருக்கிறது. பிராக்கெட் மாறும் வரை வண்டியை நிறுத்திவைத்துள்ளேன்.

தாளில் உள்ளவை: கேம்பர் இடம் −1.6°, வலம் −1.3°. காஸ்டர் இடம் 3.1°, வலம் 3.4°. முன் மொத்த டோ உள்நோக்கி 0.10°. பின் அச்சின் திரஸ்ட் கோணம் (வண்டியின் நடுக்கோட்டைப் பொறுத்து அது திரும்பியிருக்கும் அளவு) 0.28°. ஆர்ம் போல்ட்டுகளை லிஃப்டில் வைத்துத்தான் இறுக்கினார்கள். நான் அருகிலேயே நின்று பார்த்தேன். பம்ப் ஸ்டாப்பில் இடைவெளியே இல்லை. வண்டி நிற்கும்போதே ஆர்ம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிடலாமா?

மட்டக்கோல்

கழற்றவே கூடாது. பம்ப் ஸ்டாப் போனால் இடியை ஷாக் அப்சார்பரின் அடித்தட்டும் பால் ஜாயின்ட்டும் (ஆர்மின் வெளிமுனையிலுள்ள பந்து மூட்டும்) வாங்கிக்கொள்ளும். தாழ்த்திய உயரத்துக்கென்று வரும் குட்டையான, மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக இறுகும் வகையைப் பொருத்துங்கள். கூடவே நீளம் குறைந்த ஷாக் அப்சார்பரும் வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கை அப்படியே விட்ட வண்டி அரைகுறையாகத் தாழ்த்திய வண்டி என்பதே என் கருத்து. இன்னொன்று: ஆர்ம் ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அலைன்மென்ட் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

தூக்குநூல்

டயர் தேய்மானத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். உங்கள் பட்டறையாரும் நீங்களும் கேம்பரையே குற்றவாளியாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. −1.6° மிகுதிதான், ஆனால் 3000 கி.மீ.யில் கம்பி தெரிய வைக்கும் அளவுக்கு அது மட்டும் போதாது. கேம்பர் சாய்ந்த டயரின் உள்தோள் வழுவழுப்பாக, மெதுவாகத் தேயும். டோ தவறினால் டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போகும். ஒரு சக்கரம் 0.1° திரும்பி நின்றாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.75 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபடுவதற்கு ஒப்பாகும், 0.5° என்றால் அது கிட்டத்தட்ட 9 மீட்டர். கேம்பர் சாய்ந்த சக்கரத்தில் எடை உள்தோளின் மேல் குவிவதால், இந்த இழுப்பு முழுவதும் அந்த ஒரு விளிம்பையே அரித்துத் தின்றுவிடும். கழற்றி வைத்த பழைய டயர் இருந்தால் உள்ளங்கையால் டிரெட்டின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம் போல் நெருடினால் டோதான் காரணம்.

இயந்திரம் 0.10° காட்டிய டோ சாலையில் ஏன் அப்படி இல்லை? ஒரு விடை மட்டக்கோல் சொன்ன புஷ். மற்றொன்று பம்ப் ஸ்டியர். சக்கரம் மேலேறும்போது, ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் வெளிமுனை ஒரு வில்லில் நகர்கிறது, ஸ்டீயரிங் ஆர்ம் இன்னொரு வில்லில் நகர்கிறது. வண்டியை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டு விற்களும் பழைய நிற்கும் உயரத்தின் அருகே ஒன்றோடொன்று ஒட்டிப் போகும்படி அமைத்திருப்பார்கள். நீங்கள் 60 மி.மீ. இறக்கியதும் வண்டி எப்போதும் அந்த விற்களின் மேல்பகுதியில், அவை பிரிந்து விலகும் இடத்தில் ஓடுகிறது. நிற்கும்போது டோ சரியாக இருக்கும். மேடு பள்ளத்தில் ஒவ்வொரு முறை சக்கரம் ஏறி இறங்கும்போதும் டோ திறந்து மூடும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சட்டத்தை ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்துங்கள். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முறையான ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வேண்டும். அது இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள், அழுத்திய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு, ஹப்பில் ஒரு நேரான பலகையைப் போல்ட் செய்து, கீழ் ஆர்மை ஜாக்கியால் 10 மி.மீ. அளவில் படிப்படியாக உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் பலகையின் முன்முனையும் பின்முனையும் நிலையான ஒரு நூலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று எழுதினால், டோ எங்கே வளைகிறது என்பது கண்முன் தெரியும்.

பொதுவான அளவுக்கு நூல் போதும். வண்டியின் இருபுறமும், ஹப் உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நூல்களைக் கட்டுங்கள். முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் பல வண்டிகளில் வேறுபடும் என்பதால், நூலை டயரில் ஒட்டி இழுக்காமல், ஹப் மையங்களிலிருந்து இடமும் வலமும் சம தொலைவு வைத்து அமைக்க வேண்டும். முன் ரிம்மின் முன்விளிம்பு நூலிலிருந்து எவ்வளவு, பின்விளிம்பு எவ்வளவு என்று பார்த்தால் ஒவ்வொரு சக்கரத்தின் டோவும் தனித்தனியே கிடைக்கும். 700 மி.மீ. விட்டத்தில் 0.1° என்பது ஏறத்தாழ 1.2 மி.மீ.; ஆகவே பொறுமையும் கூரான அளவுகோலும் வேண்டும். சக்கரத்தின் கீழ் இரண்டு தகரத் தகடுகளை நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உண்மையான இடத்துக்கு நகராது.

பட்டைவில்

தரைத்தட்டு அதிர்வைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அது டயர் பேலன்ஸ் அல்ல என்று கணக்கே சொல்கிறது. 80 கி.மீ. வேகத்தில், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு 10 அல்லது 11 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் அடிப்பது ஸ்டீயரிங்கில் குலுக்கலாகத் தெரியும். கிரவுன் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4 என்று வைத்துக்கொண்டால், கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 42 முறை சுற்றும். ஷாஃப்ட்டின் முனைகளிலுள்ள மூட்டான யுனிவர்சல் கிராஸின் கோணம் தவறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை அடிக்கும், அதாவது நொடிக்கு 84 முறைக்கு மேல். அது குலுக்கலாக இராது; கால் வழியே ஏறும் முனகலாக இருக்கும். ஆக்சிலரேட்டரைப் பொறுத்து மாறுகிறது என்ற உங்கள் குறிப்பும் இதையே காட்டுகிறது, ஏனெனில் இழுவையில் ஹவுசிங் பட்டையின் மேல் சற்றுச் சுழன்று பினியனின் (ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின் அச்சுக்குள் வாங்கும் பற்சக்கரத் தண்டின்) மூக்கு மேலெழும்.

ஒரே துண்டான ஷாஃப்ட்டில், கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோட்டில் இருந்தால், முன் கிராஸில் உண்டாகும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் அழித்துவிடும். பட்டை ஸ்பிரிங் வண்டியில், இழுவையின்போது மூக்கு மேலெழுவதற்கு இடம் விட்டு, நிற்கும்போது பினியனை 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். கிராஸின் வேலைக்கோணம் (அது இணைக்கும் இரு தண்டுகளுக்கும் இடையிலான கோணம்) 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. முழுவதும் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, ஊசி உருளைகள் சிறிதாவது நகர வேண்டும்.

தட்டையான பிளாக் வைத்தால் பினியனின் சாய்வு மாறாது. ஆனால் விற்பனைக்கு வரும் பல பிளாக்குகள் ஆப்பு வடிவில், ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்து இருக்கும். அவற்றை முன்பின் மாற்றிப் போட்டால் திருத்த வேண்டிய கோணத்துக்கு இரு மடங்கு தவறு உண்டாகும். டிஜிட்டல் கோணமானி ஒன்றை வாங்கி, வண்டி தன் எடையில் நிற்க, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் எடுங்கள்.

அந்த 0.28° திரஸ்ட் கோணமும் எனக்கு உறுத்துகிறது. பின் அச்சு அவ்வளவு திரும்பியிருந்தால், 3000 மி.மீ. வீல்பேஸில் வண்டியின் வால் கிட்டத்தட்ட 15 மி.மீ. விலகி, நண்டு போல் ஓடும்; நேர்ச் சாலையிலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். பட்டைகள் இரண்டும் 1000 மி.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், ஒரு பக்கம் வெறும் 5 மி.மீ. பின்தள்ளியதற்கே இந்தக் கோணம் வந்துவிடும். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை பிளாக்கின் குழிக்குள் முழுவதும் உட்காராமல், ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டும் யு-போல்ட்டை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். பிரிக்கும்போது யு-போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்; ஒருமுறை இழுத்து இறுகியவற்றை மறுபடியும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பிளாக் அடுக்குவதையும் மரக்கட்டை வைப்பதையும் யாராவது பரிந்துரைத்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

சாலையோரம்

எல்லோரும் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் என் வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினேன், எல்லை கூடுதலாக உள்ள கேம்பர் போல்ட் போட்டு அலைன்மென்ட் செய்தேன், இரண்டு ஆண்டுகளாக எந்தக் குறையும் இல்லை. இவரும் அந்தப் போல்ட்டை வாங்கிப் போட்டால் முடிந்துவிடும்.

தூக்குநூல்

உங்கள் வண்டியில் அது போதுமானதாக இருந்திருக்கிறது, மகிழ்ச்சி. இவருடைய நிலை வேறு. ஆர்ம் பம்ப் ஸ்டாப்பின் மேல் கிடக்கிறது, புஷ் முறுக்கி இருக்கிறது, பின் அச்சு கோணலாக இருக்கிறது. இவற்றின் மேல் கேம்பர் போல்ட்டைத் திருப்பினால் தாளில் எண் அழகாக வரும். டயர் அதே வேகத்தில் தேயும். எல்லாக் காரணங்களும் நீங்கிய பிறகும் கேம்பர் மிஞ்சினால் அப்போது அந்தப் போல்ட்டையோ திருத்தக்கூடிய மேல் ஆர்மையோ நாடலாம். கீழ் ஆர்ம் போல்ட்டை எல்லை வரை உள்ளே தள்ளுவதை விட மேல் ஆர்மைத் திருத்துவதே எனக்கு ஏற்புடையது, ஏனெனில் கீழ் ஆர்மைத் தள்ளும்போது டை ராடோடு அதற்குள்ள உறவும் மாறுகிறது.

மட்டக்கோல்

இனித் தாழ்த்தப் போகிறவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் வண்டிக்கு டிராப் ஸ்பிண்டில் கிடைக்குமானால் முன்பக்கத்துக்கு அதுவே என் முதல் தேர்வு. அதில் சக்கரம் மாட்டும் அச்சு, பால் ஜாயின்ட்டுகளைப் பொறுத்து மேலே ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே ஆர்ம்களும் டை ராடும் பழைய கோணத்திலேயே நிற்க, வண்டி மட்டும் இறங்கும். ஸ்பிரிங்கின் ஓட்டமும் பம்ப் ஸ்டாப்பின் இடைவெளியும் குறைவதில்லை. பம்ப் ஸ்டியர் புதிதாக முளைப்பதில்லை. ரிம்முக்குள் ஸ்பிண்டில் இடிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்; சில வண்டிகளில் பெரிய ரிம் தேவைப்படும். காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்கேறித் தாங்கும் கம்பி) உள்ள வண்டியில் திருகைத் தளர்த்தினாலே முன்பக்கம் இறங்கிவிடும் என்பதால் பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆர்மின் கோணமும் பம்ப் ஸ்டாப்பின் இடைவெளியும் அங்கேயும் இதே கதைதான்.

நெடும்பயணி

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்வது பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

வால்வின் பிராக்கெட்டை இடம் மாற்றி, கையேட்டில் இருந்த கம்பி அளவுக்கு வைத்து, அழுத்தமானியாலும் சரிபார்த்தோம். காலியான, ஈரமான திடலில் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்தேன். முன்சக்கரம்தான் முதலில் சறுக்கத் தொடங்குகிறது, வால் நேராகவே வருகிறது. இதை எச்சரித்த அச்சாணிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பின்பக்கத்தைப் பிரித்தபோது பட்டைவில் சொன்ன இரண்டும் அங்கே இருந்தன. பிளாக்குகள் 2.5° ஆப்பு வடிவம் கொண்டவை. இரண்டுமே முன்பின் மாறிப் போடப்பட்டிருந்தன. பிரிப்பதற்கு முன் எடுத்த அளவில் கியர்பாக்ஸ் பின்னோக்கி 3.0° சரிந்திருந்தது, ஷாஃப்ட் 1.0°, பினியனின் மூக்கோ 6.5° மேல்நோக்கி இருந்தது. முன் கிராஸில் 2.0° வேலைக்கோணமும் பின் கிராஸில் 5.5° வேலைக்கோணமும் இருந்தால் அதிர்வு வராமல் இருக்க முடியாது. திருப்பிப் போட்டதும் பினியன் 1.5° ஆனது. இழுவையில் அது ஒன்றரை டிகிரி உயர்ந்தால் கியர்பாக்ஸோடு இணையாகிவிடும். வலப்பக்கத்துச் சென்டர் போல்ட்டின் தலை குழிக்குள் பாதியே இறங்கியிருந்தது. அதைச் சரியாக உட்காரவைத்து, புதிய யு-போல்ட்டுகளோடு இறுக்கிய பிறகு திரஸ்ட் கோணம் 0.04° மட்டுமே. 80 கி.மீ. வேகத்தில் முனகல் அறவே இல்லை.

முன்பக்கத்தில்தான் எனக்கு வியப்புக் காத்திருந்தது. குட்டையான பம்ப் ஸ்டாப்பும் தகுந்த ஷாக் அப்சார்பரும் போட்டு, வண்டி தரையில் நிற்க ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியதும், முன்பக்கம் மேலும் 8 மி.மீ. இறங்கியது. இரண்டு புஷ்களில் ரப்பர் ஏற்கெனவே குழலிலிருந்து பிரிந்திருந்தது, நான்கையும் மாற்றினேன். புதிய உயரத்தில் கேம்பர் இடம் −1.9°, வலம் −1.7° என்று வந்தது. மொத்த டோவோ வெளிநோக்கி 0.6° திறந்துவிட்டது. அலைன்மென்ட் தாளில் உள்நோக்கி 0.10° என்று அச்சாகியிருந்த அதே வண்டி இது. என் டயர்களைத் தின்றது எது என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

திருத்தக்கூடிய மேல் ஆர்ம் பொருத்தி, கேம்பரை இருபுறமும் −0.7° அளவுக்குக் கொண்டுவந்தோம். காஸ்டர் இடம் 3.3°, வலம் 3.4°. டோ மொத்தம் உள்நோக்கி 0.10°. வரிசை மாறாமல் பின் அச்சு, காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ என்று சென்றோம். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிய பிறகே டை ராடைத் தொட்டோம். ஸ்டீயரிங் கோண சென்சாருக்கும் அன்றே பூஜ்யத்தைக் கற்பித்தார்கள். 1500 கி.மீ. ஓட்டிய பின் நேற்று மறுபடி அளந்தேன். உயரத்தில் இடமும் வலமும் 1 மி.மீ. மட்டுமே அமர்ந்துள்ளன, டோ 0.08°. டயரின் டிரெட்டை இரு திசையிலும் தடவிப் பார்த்தேன், நெருடல் இல்லை.

தூக்குநூல்

மிக நல்ல செய்தி. பம்ப் ஸ்டியரை அளந்தீர்களா?

நெடும்பயணி

அளந்தேன். நிற்கும் உயரத்திலிருந்து 25 மி.மீ. மேலேறும்போது ஒவ்வொரு சக்கரமும் 0.15° வெளிநோக்கித் திறக்கிறது. மேடு பள்ளமான சாலையில் ஸ்டீயரிங்கில் அது இலேசாகத் தெரிகிறது. டை ராடின் வெளிமுனையை உயரம் மாற்றும் அமைப்பு என் வண்டிக்கு உள்ளதா என்று தேடி வருகிறேன்.

தூக்குநூல்

அந்த அளவு டயரை வருத்தாது. ஆனால் வேகமான வளைவின் நடுவில் மேடு வந்தால் வண்டி தன் கோட்டை விட்டுச் சற்று வெளியே நகரும் என்பதை நினைவில் வைத்து ஓட்டுங்கள். வெளிமுனையை மாற்றினால் 10 மி.மீ. படிகளில் மறுபடி அளக்காமல் சாலையில் இறக்காதீர்கள்; தவறான பக்கம் மாற்றினால் 0.15° இரட்டிப்பாகும்.

அச்சாணி

முகப்பு விளக்கையும் பார்த்துவிடுங்கள். இப்போது முன்பக்கம் 68 மி.மீ., பின்பக்கம் 75 மி.மீ. இறங்கியிருக்கிறது. அந்த 7 மி.மீ. வேறுபாடு, 3000 மி.மீ. வீல்பேஸில், 25 மீட்டர் தொலைவில் ஒளிக்கோட்டை ஏறத்தாழ 58 மி.மீ. மேலே தூக்கும். விளக்கே 68 மி.மீ. தாழ்ந்துவிட்டதால், அந்தத் தொலைவுச் சுவரில் கோடு பழைய இடத்துக்கு அருகிலேயே நிற்கும். எதுவும் மாறவில்லை என்று ஏமாந்துவிடுவோம். உண்மையில் கீழ்நோக்கிய சாய்வு குறைந்திருக்கிறது. விளக்கின் புதிய உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதிலிருந்து கையேட்டின் சாய்வைக் கணக்கிட்டுத் திருகைத் திருப்புங்கள்.

நெடும்பயணி

இன்று மாலை அளந்து திருத்திவிட்டேன், ஐயா; இரண்டு விளக்குகளும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தன. யு-போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்த்தேன். இடப்பக்கத்து முன் நட்டு கால் சுற்று ஏறியது, மற்றவை அசையவில்லை. அடுத்த 5000 கி.மீ.யில் உயரத்தையும் டோவையும் மீண்டும் அளந்து இங்கே இடுகிறேன்.